வெற்றுக் கேசட்டும் தபால்தலை ஒட்டிய உறையும்



பங்க் இசை என்றதும் பலருக்கு லண்டன் கிங்ஸ் ரோடும், ஊக்கு குத்திய சட்டையும், செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவும் நினைவுக்கு வரும். அந்தக் கதையைப் பலர் பலவிதமாகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிவது அந்த ஆரவாரம் அடங்கிய பிறகு நடந்தது. 1970களின் முடிவில் தொடங்கி ஏறத்தாழ 15 ஆண்டுகள் படுக்கையறைகளிலும் சமையலறை மேசைகளிலும் ஓசைப்படாமல் ஒரு பதிப்பு வேலை நடந்தது. அதைச் செய்தவர்கள் தங்களை ‘கேசட் லேபிள்’ என்று சொல்லிக்கொண்டார்கள். அவர்களுக்கு அலுவலகம் இல்லை, முதலீடு இல்லை. பலரிடம் இரண்டு டேப் ரெக்கார்டர்களும் ஓர் அஞ்சல் முகவரியும் மட்டுமே இருந்தன.

இங்கிலாந்தில் இன்ஸ்டன்ட் ஆட்டோமேட்டன்ஸ் என்றொரு குழு. டெலீட்டட் ரெக்கார்ட்ஸ் என்ற பெயரில் தங்கள் பாடல்களைத் தாங்களே வெளியிட்டார்கள். அவற்றுக்கு விலை கிடையாது. கேட்க விரும்புகிறவர் ஒரு வெற்றுக் கேசட்டையும், தன் முகவரியை எழுதித் தபால்தலை ஒட்டிய ஓர் உறையையும் அனுப்ப வேண்டும். பாடல்களைப் பதிந்து அதே உறையில் திருப்பி அனுப்புவார்கள். கடிதம் வராவிட்டால் பிரதியும் கிடையாது. பத்துக் கடிதம் வந்தால் பத்துப் பிரதி.

இந்த ஏற்பாட்டைச் சற்று நிதானமாகப் பாருங்கள். இதில் விற்காமல் தேங்கும் சரக்கு இல்லை. நட்டம் வர வழியில்லை. 300 பிரதி அச்சடித்து, அதில் பாதியைக் கட்டிலுக்கடியில் கட்டி வைத்திருக்கும் நம் சிற்றிதழ்க்காரர்களுக்கு இதன் அருமை உடனே புரியும். கேசட் மலிவு என்பதால்தான் பங்க் இளைஞர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. குறைந்தபட்சம் இத்தனை பிரதி போட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தை கேசட் ஒழித்துக்கட்டியது. ஒரே ஒரு பிரதி போட்டாலும் அது வெளியீடுதான். நான் சொல்ல வந்ததன் சாரம் இவ்வளவுதான். மற்றவை அதிலிருந்து கிளைத்தவை.

இசைத்தட்டு அப்படிப்பட்டதல்ல. முதலில் ஸ்டுடியோவில் பதிய வேண்டும். அதை அரக்குத் தகட்டில் வெட்ட வேண்டும். அதிலிருந்து உலோக அச்சு எடுக்க வேண்டும். பிறகு ஆலையில் அழுத்த வேண்டும். இத்தனை வேலையையும் ஓர் ஆலைக்காரர் 20 பிரதிக்காகச் செய்து தரமாட்டார். மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு 1977 ஜனவரியில் ‘ஸ்பைரல் ஸ்க்ராட்ச்’ என்ற தங்கள் முதல் தட்டைத் தாங்களே வெளியிட்டபோது, வேண்டியவர்களிடம் 500 பவுண்டு கடன் வாங்கி 1,000 பிரதி போட்டார்கள். ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது முறை வாசித்ததில் பதிவானது என்பதைக்கூட உறையில் அச்சிட்டார்கள். மறுஆண்டு ஸ்க்ரிட்டி பொலிட்டி குழு இன்னும் ஒரு படி மேலே போனது. ஸ்டுடியோ வாடகை, தகடு வெட்டும் கூலி, ஆலைக் கூலி, லேபிள் அச்சிடும் செலவு என்று முழுக் கணக்கையும் தன் முதல் தட்டின் உறையிலேயே எழுதிவிட்டது. எங்களால் முடிந்தது உங்களாலும் முடியும் என்பதற்கு அந்த வரவுசெலவுக் கணக்கைவிட நல்ல சாட்சி வேறில்லை. அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனாலும் வேலையில்லாத ஒரு பத்தொன்பது வயதுப் பையனுக்கோ பெண்ணுக்கோ சில நூறு பவுண்டு என்பது கனவில் வரும் தொகை.

கேசட் இந்த வேலைக்காகப் பிறந்ததல்ல. பிலிப்ஸ் நிறுவனத்தில் லூ ஓட்டன்ஸ் தலைமையில் உருவாகி, 1963இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அது முதன்முதலில் வைக்கப்பட்டது. நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஓடும் வேகம் நொடிக்கு 5 சென்டிமீட்டருக்கும் குறைவு. கடிதங்களையும் குறிப்புகளையும் வாயால் சொல்லிப் பதிந்துவைக்கப் பயன்படும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். இசைக்கு ஏற்ற தரம் பிறகு மெல்ல மெல்ல வந்தது. 1979இல் டியாக் நிறுவனம் ‘போர்ட்டாஸ்டுடியோ 144’ என்ற கருவியைக் கொண்டுவந்தது. சாதாரணக் கேசட்டை இருமடங்கு வேகத்தில் ஓட்டி, அதன் நான்கு தடங்களில் தனித்தனியாகப் பதியும் கருவி அது. முதல் தடத்தில் டிரம், அடுத்ததில் கிட்டார், அதன்மேல் குரல் என்று ஓர் ஆளே முழுப் பாட்டையும் மேசைமேல் கட்டி எழுப்பலாம். அதே ஆண்டு வாக்மேனும் வந்தது. பதியும் இடமும் கேட்கும் இடமும் ஒரே நேரத்தில் தனி ஆளின் கைக்கு வந்து சேர்ந்தன.

ஒரு கேசட் லேபிளின் மாலை நேரம் எப்படிக் கழிந்தது என்று பார்ப்போம். வந்த உறையைப் பிரிக்கிறார்கள். உள்ளே ஒரு கேசட். பல சமயம் அது வெற்றுக் கேசட் அல்ல. கடையில் வாங்கிக் கேட்டு அலுத்துப்போன ஏதோ ஒரு பாடகரின் கேசட். கடைக் கேசட்டின் முதுகுப்பக்கத்தில், தவறி அழித்துவிடாமலிருக்க, இரண்டு சிறு பிளாஸ்டிக் தடுப்புகளை உடைத்திருப்பார்கள். அந்தக் குழியின்மேல் ஒரு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டினால் போதும், மறுபடி பதியலாம். தாய்ப்பிரதியை ஒரு கருவியிலும் வந்த கேசட்டை இன்னொன்றிலும் போட்டு, முள் சிவப்புக்குள் போகாமல் பார்த்துக்கொண்டு பொத்தானை அழுத்துகிறார்கள். அறுபது நிமிடக் கேசட்டுக்கு அறுபது நிமிடம் ஆகும். வேகமாகப் பிரதியெடுக்கும் கருவிகள் இருந்தன, ஆனால் உயர்ந்த சுரங்கள் மங்கிவிடும். நாடா ஓடும் நேரத்தில் நகலெடுத்த அட்டையை வெட்டி மடிக்கிறார்கள். கூடவே ஒரு கடிதம், இன்னொரு குழுவின் முகவரி, அடுத்த கச்சேரியின் துண்டுத்தாள். இத்தனையும் அதே உறைக்குள் போகும்.

பிரதியைக் கேட்டவர் அதிலிருந்து நண்பருக்கு ஒரு பிரதி போட்டுக் கொடுப்பார். அந்த நண்பர் வேறொருவருக்கு. மூன்றாம் தலைமுறைப் பிரதியில் சிம்பலின் ஓசை நாடாவின் இரைச்சலோடு கலந்துவிடும். அந்த இரைச்சலைக் குறை என்று அப்போது யாரும் சொல்லவில்லை. ஒரு பாட்டு எத்தனை கைமாறி வந்திருக்கிறது என்பதை அதை வைத்தே சொல்லிவிடலாம்.

பெரிய நிறுவனங்கள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அவர்களுக்கு எரிச்சல் ஊட்டியது பங்க் லேபிள்கள் அல்ல, வீட்டில் பிரதியெடுக்கும் பழக்கம்தான். வீட்டுப் பிரதி இசையைக் கொல்கிறது என்ற முழக்கத்தோடு 1981இல் பிரிட்டிஷ் இசைத்தட்டுத் துறை ஒரு பிரச்சாரம் தொடங்கியது. கேசட்டையே மண்டையோடாக வரைந்து, கீழே குறுக்கெலும்பு போட்டு அதன் சின்னத்தை அமைத்தார்கள். அந்த ஆண்டின் இறுதியில் சான் பிரான்சிஸ்கோவின் டெட் கென்னடிஸ் குழு ‘இன் காட் வி டிரஸ்ட், இன்க்.’ என்ற குறுந்தொகுப்பைக் கேசட்டாகவும் வெளியிட்டது. பாடல்கள் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அடக்கிவிட்டு, மறுபக்கத்தைக் காலியாக விட்டார்கள். வீட்டுப் பிரதி இசைத்தட்டு நிறுவனங்களின் லாபத்தைக் கொல்கிறதாம், நீங்களும் உதவுவதற்காக இந்தப் பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறோம் என்ற பொருளில் அதன்மேல் எழுதியிருந்தார்கள். அந்தக் காலிப் பக்கம், வாங்கியவர் கையில் ஒரு லேபிளைக் கொடுத்தது என்றே நான் சொல்வேன்.

வழக்கும் நடந்தது. இரட்டைக் கேசட் கருவி விற்ற ஆம்ஸ்ட்ராட் நிறுவனத்துக்கு எதிராக இசைத்துறை தொடுத்த வழக்கு பிரிட்டனின் பிரபுக்கள் அவை வரை போனது. 1988இல் ஆம்ஸ்ட்ராட்டுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. கருவியை விற்றவர், அதை வாங்கியவர் செய்யும் பிரதிக்குப் பொறுப்பாளி ஆகமாட்டார் என்பது அதன் சாரம்.

பிரிட்டனில் கேசட்டை அதிகம் கையாண்டவர்களில் அனார்கோ பங்க் எனப்பட்ட, அரசதிகாரத்தை மறுத்த குழுக்கள் முக்கியமானவை. எசெக்ஸ் மாவட்டத்தில் ஒரு பழைய பண்ணைவீட்டில் கூட்டாக வாழ்ந்த க்ராஸ் குழு, இதற்குமேல் கொடுக்காதீர்கள் என்று தன் தட்டுகளின் உறையிலேயே விலையை அச்சிட்டது. ஊர் ஊராக இளைஞர்கள் அனுப்பிய டெமோ என்ற மாதிரிப் பதிவுக் கேசட்டுகளைத் தொகுத்து ‘புல்ஷிட் டிடெக்டர்’ என்ற வரிசையை 1980, 1982, 1984 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்டது. வாசிப்பு தடுமாறும், பதிவு தெளிவாக இராது. அதற்காக எந்தப் பாட்டையும் ஒதுக்க மாட்டார்கள். சப்ஹியூமன்ஸ் குழுவின் பாடகர் டிக் லூகாஸ் நடத்திய ப்ளர்க் என்ற லேபிள் கேசட்டில்தான் தொடங்கியது. தன் குழுவின் பாடல்களோடு பிற குழுக்களின் டெமோக்களையும் கச்சேரிப் பதிவுகளையும் பட்டியலிட்டு அஞ்சலில் அனுப்பிவந்தது. அந்தப் பட்டியலில் இருந்த பல குழுக்கள் ஒரு தட்டுக்கூட வெளியிடாமலே கலைந்துபோனவை. கேசட் இல்லாவிட்டால் அவர்கள் பாடியதற்கு ஒரு தடயமும் எஞ்சியிருக்காது.

இந்த இடத்தில் நியூயார்க்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அங்கே நடந்தது வேறு வகை. நீல் கூப்பர் 1979இல் தொடங்கிய ரீச்அவுட் இன்டர்நேஷனல், சுருக்கமாக ரோயர், தொடக்கத்தில் கேசட் மட்டுமே வெளியிட்ட லேபிள். கையால் பிரதியெடுக்காமல் ஆலையில் பிரதியெடுத்து, அச்சிட்ட அட்டையோடு கடைகளுக்கு அனுப்பினார்கள். சூயிசைட், நியூயார்க் டால்ஸ், டெலிவிஷன் ஆகிய குழுக்களின் பதிவுகளெல்லாம் அதில் வந்தன. 1982இல் வந்த ‘நியூயார்க் த்ராஷ்’ தொகுப்பில், அப்போது பங்க் வாசித்துக்கொண்டிருந்த பீஸ்டி பாய்ஸ் குழுவின் பாடல்களும் உண்டு.

ஆனால் ரோயர் என்றால் என் மனதில் முதலில் நிற்பது பேட் பிரெய்ன்ஸ்தான். வாஷிங்டன் நகரத்தைச் சேர்ந்த நான்கு கறுப்பின இளைஞர்கள். ஜாஸ் கலந்த இசையில் தொடங்கிப் பங்குக்கு வந்தவர்கள். வெள்ளையர்களின் இசை என்று எல்லாரும் நினைத்திருந்த ஒன்றை யாரும் எட்டாத வேகத்தில் வாசித்தார்கள். இடையிடையே ரெகே. சொந்த ஊரில் மேடை கிடைப்பது அரிதாகி, நியூயார்க்குக்கு வந்தார்கள். அவென்யூ ஏ தெருவில் 171ஏ என்ற இடத்தில் பதிவு நடந்தது. 1982 பிப்ரவரியில், மஞ்சள் அட்டையில், நாடாளுமன்றக் குவிமாடத்தின்மேல் மின்னல் இறங்கும் படத்தோடு அந்தக் கேசட் வந்தது. அமெரிக்க ஹார்ட்கோர் பங்க் வரலாற்றில் அதைவிட முக்கியமான முதல் தொகுப்பு இல்லை என்பது என் கணிப்பு. அது தட்டாக வராமல் நாடாவாக வந்தது. கேசட் என்றால் தட்டுக்கு முந்தைய ஒத்திகை என்று நினைப்பவர்களுக்கு அந்த மஞ்சள் கேசட்டைத்தான் நான் காட்டுவேன்.

அமெரிக்காவின் மறு கோடியில் ஒலிம்பியா என்ற சிறு நகரம், வாஷிங்டன் மாநிலத்தின் தலைநகர். அங்கிருந்த எவர்கிரீன் கல்லூரியின் கேயாஸ் வானொலியில், ஒலிபரப்பாகும் இசையில் 80 விழுக்காடு சிறு லேபிள்களுடையதாக இருக்க வேண்டும் என்று விதியே வகுத்திருந்தார்கள். அதற்குக் காரணமான ஜான் ஃபாஸ்டர் ‘ஆப்’ என்ற இதழையும் நடத்தினார். ஒவ்வோர் இதழுக்கும் ஓர் ஆங்கில எழுத்து. 1979இல் முதல் எழுத்தில் தொடங்கி 1984இல் 26ஆம் எழுத்தோடு நிறுத்திக்கொண்டார். அதில் ‘காஸ்டனெட்ஸ்’ என்ற பகுதி கேசட்டுகளுக்கு மட்டுமான விமர்சனம். பெரிய பத்திரிகைகள் கேசட்டைத் திரும்பியும் பார்க்காத காலத்தில், இது ஒரு முழுமையான படைப்பு என்று எடுத்துப் பேசிய பக்கங்கள் அவை. விமர்சனத்தோடு முகவரியும் இருக்கும். பிடித்தால் எழுதிப் போட்டு வாங்கலாம்.

அந்த இதழின் நிழலில் வளர்ந்தவர் புரூஸ் பாவிட். அவருடைய ‘சப் பாப்’ சிற்றிதழின் ஐந்தாம், ஏழாம், ஒன்பதாம் இதழ்கள் தாளோடு நிற்காமல் கேசட்டாகவே வந்தன. நியூயார்க்கும் லாஸ் ஏஞ்சல்ஸும் தவிர்த்த ஊர்களில் என்ன பாடுகிறார்கள் என்று எழுதிக்கொண்டிருந்தவர், எழுதுவதைவிடக் கேட்க வைப்பது மேல் என்று முடிவு செய்ததன் விளைவு அது. பின்னாளில் நிர்வாணா குழுவின் முதல் தொகுப்பை வெளியிட்ட சப் பாப் நிறுவனத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. அதே ஊரில் கால்வின் ஜான்சன் 1982இல் தொடங்கிய கே ரெக்கார்ட்ஸ் லேபிளின் முதல் வெளியீடும் ஒரு கேசட்தான்.

1991இல் பிகினி கில் குழு ‘ரெவல்யூஷன் கேர்ள் ஸ்டைல் நவ்’ என்ற எட்டுப் பாடல் கேசட்டைத் தானே வெளியிட்டது. கேத்லீன் ஹானா, டோபி வெய்ல், கேத்தி வில்காக்ஸ் என்ற மூன்று பெண்களும் பில்லி கேரன் என்ற ஆணும் சேர்ந்த குழு. பங்க் கச்சேரிகளில் மேடைக்கு முன்னால் ஆண்கள் முட்டி மோதிக்கொண்டிருக்க, பெண்கள் சுவரோரம் ஒதுங்கி நின்ற காலம் அது. பெண்களை முன்வரிசைக்கு வரச் சொன்னார் ஹானா. வன்முறையையும் வீட்டுக்குள் நடக்கும் கொடுமையையும் பெயர் சொல்லிப் பாடினார். அவற்றை எந்தத் தயாரிப்பாளரின் ஒப்புதலுக்கும் அனுப்பாமல் கச்சேரி வாசலிலேயே கேசட்டாகக் கையில் கொடுக்க முடிந்தது. அந்தக் கேசட்டைக் கேட்ட பெண்கள் தங்கள் ஊரில் தங்கள் சிற்றிதழைத் தொடங்கினார்கள், குழுவைத் தொடங்கினார்கள். ரையட் கேர்ள் என்ற பெண்ணிய பங்க் இயக்கம் பரவியதில் நகலெடுத்த தாளுக்கும் நகலெடுத்த கேசட்டுக்கும் சம பங்குண்டு.

மேற்கில் கேசட் பல வழிகளில் ஒன்று. கிழக்கு ஐரோப்பாவிலும் சோவியத் நாட்டிலும் அரசு லேபிளின் கதவு மூடிவிட்டால் வேறு வழியே இல்லை. போலந்தில் 1981 டிசம்பரில் இராணுவச் சட்டம் வந்தது. அதே ஆண்டு வார்சாவில் சோவியத் ஏவுகணையின் பெயரால் எஸ்எஸ்-20 என்று தொடங்கிய குழு, அதிகாரிகளின் நெருக்கடியால் டெசெர்டர் என்று பெயரை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. 1983இல் ஒரு சிறு தட்டு அரசு நிறுவனம் வழியாகவே வந்தது. அடுத்த அடிக்குத் தணிக்கை குறுக்கே நின்றது. அப்போது அவர்கள் யாரோசின் ராக் விழாவில் 1984இல் வாசித்ததன் பதிவைக் கேசட்டாகத் தாங்களே வெளியிட்டார்கள். 1987இல் அவர்களின் பாடல்களை ‘அண்டர்கிரவுண்ட் அவுட் ஆஃப் போலந்து’ என்ற தட்டாக வெளியிட்டது கலிஃபோர்னியாவின் ‘மேக்ஸிமம் ராக்அண்ட்ரோல்’ என்ற பங்க் இதழ்.

சைபீரியாவின் ஓம்ஸ்க் நகரத்துக் கதை இதைவிடக் கடுமையானது. யெகோர் லெதோவ் 1984இல் கிராஷ்தான்ஸ்கயா அபரோனா என்ற குழுவைத் தொடங்கினார். மறுஆண்டே பாதுகாப்புத் துறையின் கண் அவர்மேல் விழுந்தது. 1985 டிசம்பரில் மனநல மருத்துவமனையில் கட்டாயமாகச் சேர்த்து, மூன்று மாதம் வைத்திருந்தார்கள். வெளியே வந்தபோது கூட வாசிக்க ஆளில்லை. 1987இல் தன் வீட்டு அறையில், ஏறத்தாழ எல்லாக் கருவிகளையும் தானே வாசித்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து, அடுத்தடுத்து ஐந்து தொகுப்புகளை முடித்தார். அந்த அறைக்கு குரோப் ஸ்டுடியோ என்று பெயர். குழுப் பெயரின் சுருக்கம் அது. ரஷ்ய மொழியில் சவப்பெட்டிக்கும் அதே சொல்தான்.

அந்தத் தொகுப்புகளை எந்தக் கடையும் விற்கவில்லை. மெலோடியா என்ற அரசு நிறுவனத்தைத் தவிர இசைத்தட்டு போட யாருக்கும் உரிமை இல்லாத நாடு. பெரிய சுருள் நாடாவிலிருந்து சுருள் நாடாவுக்கும், அதிலிருந்து கேசட்டுக்கும் பிரதியாகி, ஊர் விட்டு ஊர் கைமாறி, நாடு முழுக்கப் பரவின. கவிஞர்களின் பாடல்களை 1960களிலிருந்தே இப்படி நாடாவில் பிரதியெடுத்துக் கேட்டுப் பழகிய சமூகம் அது. அந்தப் பழக்கத்தின்மேல்தான் சைபீரிய பங்க் பயணம் செய்தது. இன்று ரஷ்யாவில் லெதோவின் பெயரைத் தெரியாத ராக் ரசிகர் இருக்க மாட்டார். விளம்பரமும் வானொலியும் கடையும் இல்லாமல் அந்தப் பெயரைக் கொண்டுசேர்த்தவர்கள், வீட்டில் இரண்டு கருவி வைத்திருந்த ஆயிரக்கணக்கான மனிதர்கள். லேபிள் என்று தங்களை அவர்கள் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் அவர்கள் செய்தது அந்த வேலைதான்.

இப்போது கேசட் மறுபடி வந்திருக்கிறது. 2013 முதல் சில ஆண்டுகள் கேசட் கடை நாள் என்று ஒன்றைக்கூடக் கொண்டாடினார்கள். சிறு லேபிள்கள் புதிய குழுக்களைக் கேசட்டில் வெளியிடுகின்றன. அதில் உண்மையான அன்போடு செய்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் 50 பிரதி மட்டும் போட்டு, ஒவ்வொன்றிலும் எண் எழுதி, தீர்ந்தால் தீர்ந்தது என்று விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கேட்டவருக்கெல்லாம் ஒரு பிரதி உண்டு என்பதுதான் பழைய கேசட் லேபிள்களின் அடிப்படை. எண்ணிக்கைக்கு வேலி போடுவது, அவர்கள் உடைத்த பூட்டை மறுபடி மாட்டுவதாகும். அந்தப் பழைய வழக்கத்தின் வாரிசைத் தேட வேண்டுமானால், தன் பாட்டை இணையத்தில் ஏற்றிவிட்டு, விரும்பினால் காசு கொடுங்கள், இல்லாவிட்டால் சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும் இளைஞரிடம்தான் தேட வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பழைய நாடாக்களைக் கணினிக்கு மாற்றும் வேலையை இப்போது பல நாடுகளில் தனி ஆர்வலர்கள் செய்துவருகிறார்கள். நல்ல வேலை. காந்தப்பூச்சு உதிர்ந்துகொண்டிருக்கிறது, காத்திருக்க நேரமில்லை. ஆனால் பலர் ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டு அட்டையையும் உள்ளே மடித்து வைத்த தாளையும் விட்டுவிடுகிறார்கள். யார் வாசித்தார்கள், எந்த முகவரிக்கு எழுத வேண்டும், எத்தனை காசு, இந்தப் பிரதியிலிருந்து இன்னொரு பிரதி எடுத்துக்கொள்ளலாமா என்பதெல்லாம் அந்தத் தாளில்தான் இருக்கிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஃபேல்ஸ் நூலகம் ரையட் கேர்ள் இயக்கத்துக்காகத் தொடங்கிய தொகுப்பில் பாடல்களோடு கடிதங்களையும் கையெழுத்துக் குறிப்புகளையும் துண்டுத்தாள்களையும் சேர்த்தே பாதுகாக்கிறார்கள். அதுதான் சரியான முறை. எந்த நாட்டில், எந்தப் பழைய பொருள் கடையில், பெயர் கேள்விப்படாத ஒரு குழுவின் கேசட் உங்கள் கைக்குக் கிடைத்தாலும், கருவியில் போடுவதற்கு முன் அதன் அட்டையை இரு பக்கமும் படம் எடுத்துவையுங்கள். கேசட்டோடு கடிதம் இருந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள்.